பென்சில் வரைந்த நிர்வாண உருவத்தை எப்படிப் பார்ப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓவியக் கண்காட்சிகளில் நிர்வாணப் பென்சில் படம் மாட்டியிருக்கும் சுவரில் கூட்டம் வேகமாக நகரும். கூச்சப்படுகிறவர்கள் தலையைத் திருப்பிக்கொண்டு போவார்கள். விவரம் தெரிந்தவர்கள் "அனாடமி சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். படத்தை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. நின்று பார்க்க நினைக்கிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் சில கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பென்சில் எங்கே அழுந்தியிருக்கிறது, எங்கே தொட்டும் தொடாமலும் போயிருக்கிறது என்று பாருங்கள். தரையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் படம் என்று வைத்துக்கொள்வோம். இடுப்பு தரையில் பதியும் இடத்தில் கோடு கறுத்துத் தடித்திருக்கும். வெளிச்சம் விழும் தோளில் அதே கோடு மெலிந்து, ஓர் இடத்தில் காணாமலே போய், கைமுட்டிக்கு மேலே மறுபடி தொடங்கும். ஓவியர் அங்கே வரைய மறந்துவிடவில்லை. அந்த இடத்தில் தோலும் தாளும் ஒரே வெளிச்சத்தில் இருந்தன, அதனால் கோடு தேவைப்படவில்லை.

அடுத்து முழங்காலுக்குப் பின்பக்கம் போங்கள். மடித்த காலில் கெண்டைச்சதையின் கோடு தொடைக் கோட்டைச் சந்திக்கும். எந்தக் கோடு நிற்கிறது, எது அதன் பின்னால் நுழைந்து மறைகிறது? அந்த ஒரு சந்திப்பை வைத்தே தொடை முன்னால் இருக்கிறது, கால் பின்னால் போகிறது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஷேடிங்கே தேவையில்லை. கழுத்தும் தோளும், கையும் மார்பும், வயிற்று மடிப்பு என்று இப்படிப்பட்ட சந்திப்புகள் உடம்பு முழுக்க இருக்கின்றன. வரைந்தவருக்குக் கண் உண்டா இல்லையா என்பது பெரும்பாலும் இங்கேதான் தெரியும்.

எதற்காக ஆடையில்லாமல் வரைய வேண்டும்? ஆடையோடு வரைந்தால் ஆகாதா?

ஆகும், வரையத்தான் செய்கிறார்கள். ஆனால் ஆடை நிறைய விஷயங்களை மறைத்துவிடும். எடை எந்தக் காலில் இருக்கிறது, முதுகெலும்பு எந்தப் பக்கம் வளைகிறது, மூச்சை இழுத்துப் பிடித்திருக்கிறாரா என்பதெல்லாம் துணிக்கு அடியில் போய்விடும். ஐரோப்பிய ஓவியப் பள்ளிகளில் மாணவர் முதலில் அச்சுப் படங்களைப் பார்த்து வரைவார், பிறகு பிளாஸ்டர் சிலைகளைப் பார்த்து வரைவார். கை திருந்திய பிறகுதான் உயிருள்ள மாடல் இருக்கும் அறைக்குள் விடுவார்கள். நம் ஊர் ஓவியக் கல்லூரிகளில் 'லைஃப் ஸ்டடி' என்று சொல்வது இதன் வழியாக வந்ததுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரு மரக்கிளையைக் கொஞ்சம் கோணலாக வரைந்தால் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. மனித உடம்பில் கால் அங்குலம் தவறினாலும், பென்சிலே பிடித்திராதவர்கூட "என்னமோ இடிக்குதே" என்பார். அவ்வளவு கறாரான பார்வையாளர் முன்னால் பழகினால் கை தானாகத் திருந்தும்.

மைக்கலாஞ்சலோ வரைந்ததும் பென்சிலா?

இல்லை. அவர் பயன்படுத்தியது சிவப்புச் சாக் கட்டி, கறுப்புச் சாக் கட்டி, பேனா. இங்கிலாந்தின் பாரோடேல் பகுதியில் சுத்தமான கிராஃபைட் படிவம் கண்டுபிடிக்கப்பட்டது 16-ஆம் நூற்றாண்டில். இன்று நாம் பிடிக்கும் பென்சில் அதற்கும் வெகு நாள் கழித்து வந்தது. புரட்சிக் காலத்துப் பிரான்ஸ் இங்கிலாந்தோடு போரில் இருந்ததால் அங்கிருந்து கிராஃபைட் வருவது நின்றுபோனது. கிராஃபைட் தூளைக் களிமண்ணோடு பிசைந்து சூளையில் சுட்டுப் பென்சிலின் உள்குச்சி செய்யும் முறைக்கு நிக்கோலா ழாக் கோந்தே 1795-ல் காப்புரிமை வாங்கினார். களிமண் கூடினால் கடினம், கிராஃபைட் கூடினால் கறுப்பு. கடையில் ஹெச்பி, 2பி, 6பி என்று கேட்டு வாங்குவதன் அடிப்படை இதுதான்.

படத்தைப் பார்க்கும்போது இது எதற்கு உதவும்? கரித்துண்டு பரவும், விரலால் தேய்த்தால் போய்விடும், பெரிய தாளைக் கேட்கும். பென்சில் முனை ஊசி மாதிரி நிற்கும், அதனால் சின்னத் தாளில் கண்ணிமை வரைக்கும் போகலாம். ஆனால் கன்னங்கரேல் என்ற கறுப்பு அதற்கு வராது. அழுத்த அழுத்தப் பளபளப்புத்தான் ஏறும். பென்சில் நிர்வாணப் படங்களில் பெரும்பாலானவை வெளிர்ச் சாம்பலிலேயே ஓடுவதற்கு இது ஒரு காரணம்.

ஒரே உடம்பை இரண்டு பேர் வரைந்தால் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும். மூன்று பேரை எடுத்துக்கொள்வோம்.

பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ர் (1780–1867) கடினமான பென்சிலைக் கூராகச் சீவி வரைந்தவர். அவர் பிறந்த மோந்தொபான் ஊர் அருங்காட்சியகத்தில் அவருடைய கோட்டோவியங்கள் 4,000-க்கு மேல் இருக்கின்றன. பெரிய ஓவியங்களுக்கான ஆயத்தப் படங்களில், கை எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று அதே உடம்பில் இரண்டு மூன்று விதமாகப் போட்டுப் பார்த்திருப்பார். மூன்று கைகளோடு நிற்கும் உருவத்தைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், அது அவர் யோசித்த தடம். கடைசியில் தேர்ந்தெடுத்த கோடு வழவழவென்று ஒரே மூச்சில் போகும். அந்த வழவழப்புக்காக உடம்பையே மாற்றவும் அவர் தயங்கியதில்லை. 1814-ல் அவர் வரைந்த 'பெரிய ஓடலிஸ்க்' (அந்தப்புரப் பெண்) ஓவியத்தில் அந்தப் பெண்ணின் முதுகு நீண்டுகொண்டே போவதைப் பார்த்து, முதுகெலும்பில் கூடுதலாகச் சில எலும்புகளைச் சேர்த்துவிட்டார் என்று அக்காலத்து விமர்சகர்கள் கேலி செய்தார்கள். எண்ணிப் பார்த்தால் அவர்கள் சொன்னது சரி. இருந்தாலும் அந்த முதுகைத் திருத்தினால் படம் செத்துவிடும்.

சிற்பி ரொடான் நேர் எதிர். மாடலை ஓரிடத்தில் நிற்கச் சொல்லமாட்டார், அறைக்குள் நடமாடச் சொல்வார். கண்ணை மாடலிலேயே வைத்துக்கொண்டு, தாளைப் பார்க்காமல் பென்சிலை ஓட்டுவார். பாதம் தாளுக்கு வெளியே போகும், தலை சிறுத்துவிடும், தொடைக் கோடு இரண்டு முறை விழும். பிறகு அதை இன்னொரு தாளில் படியெடுத்து வாட்டர்கலர் பூசுவார். சில சமயம் தாளையே பக்கவாட்டில் திருப்புவார், நின்றிருந்தவள் பறக்க ஆரம்பிப்பாள். இப்படிப்பட்ட படத்தின் முன்னால் நின்று "அளவு தப்பு" என்பது வீண் வேலை. உடம்பு அசைந்தபோது கண் எப்படி அதன் பின்னாலேயே போனது என்பதைத்தான் அங்கே பார்க்க வேண்டும். இதே ரொடான் 1913-ல் சென்னை அருங்காட்சியகத்தின் திருவாலங்காட்டு நடராசரைப் புகைப்படங்களில் பார்த்து, அங்கம் அங்கமாக வியந்து ஒரு கட்டுரை எழுதினார். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை.

மூன்றாமவர் வியன்னாவின் கிளிம்ட். தங்கத் தகடு ஒட்டிய அவருடைய வண்ண ஓவியங்களைத்தான் காலண்டரில் பார்த்திருப்போம். 1904 வாக்கில் அவர் கறுப்புச் சாக் கட்டியை விட்டுவிட்டு, ஜப்பானியத் தாளில் பென்சிலால் வரையத் தொடங்கினார். படுத்திருக்கும் பெண்கள், மூடிய கண்கள். ஷேடிங் கிட்டத்தட்ட இல்லை. உருவம் தாளின் விளிம்பில் வெட்டுப்பட்டு நிற்கும், அதனால் அவள் எதன்மேல் படுத்திருக்கிறாள் என்றே தெரியாது. எடையே இல்லாத உடம்பு. ஆங்க்ர் தன் விருப்பத்துக்கு உடம்பை வளைத்தார், ரொடான் அதன் பின்னால் ஓடினார். கிளிம்ட் படங்களில் அந்தப் பெண் தன் உலகத்தில் இருக்கிறாள், நாம் பார்ப்பது அவளுக்குத் தெரியாது. இது எல்லோருக்கும் பிடிக்காது. எனக்கும் சில படங்களில் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கோட்டைக் குறை சொல்ல முடியவில்லை.

உருவம் சரியாக நிற்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். ஓவியர்களும் நூலில் ஒரு கனத்தைக் கட்டி இதையேதான் செய்கிறார்கள். ஒருவர் ஒற்றைக் காலில் எடையைப் போட்டு நிற்கும்போது, கழுத்துக் குழியிலிருந்து நேர்கீழே விடும் நூல் அந்தக் காலின் உள் கணுக்கால் பக்கத்தில் போய் விழும். எடை தாங்கும் பக்கத்து இடுப்பு மேலே ஏறும், அதே பக்கத்துத் தோள் கீழே இறங்கும். இரண்டு சாய்வும் ஒரே பக்கமாகப் போனால் அவர் விழப்போகிறார், அல்லது வரைந்தவர் தவறியிருக்கிறார்.

மெரினாவின் உழைப்பாளர் சிலைக்கு முன்னால் நின்றும் இதைப் பார்க்கலாம். சென்னை ஓவியக் கல்லூரியில் ஏறத்தாழ 30 ஆண்டுகள் முதல்வராக இருந்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959-ல் திறக்கப்பட்டது. நால்வர் பாறையை நெம்புகிறார்கள், கோவணம் மட்டும்தான் உடை. அவர்களுடைய கழுத்துக் குழியிலிருந்து நூல் விட்டால் அது பாதத்துக்கு வெளியே விழும். பாறை இல்லாவிட்டால் முகம் குப்புற விழுவார்கள். பாரம் எவ்வளவு என்பதை நமக்குச் சொல்வது அந்தச் சாய்வு, முகபாவம் அதற்கு அப்புறம்தான்.

கோயில் சிலைகளிலும் உடம்பு திறந்துதானே இருக்கிறது? அதே கண்ணால் இதையும் பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் ஒரு வித்தியாசத்தை மறக்கக்கூடாது. சுவாமிமலை ஸ்தபதி மாடலை நிறுத்தி வைத்துப் பார்க்கமாட்டார். சிலையின் உயரத்துக்கு ஒரு தென்னங்கீற்றை நறுக்கி, அதை மடித்து மடித்து அளவு குறித்துக்கொள்வார். உத்தம தசதாளம் என்ற அளவுமுறையில் மொத்த உயரம் 124 பங்கு. முகம், மார்பு, தொடை எல்லாவற்றுக்கும் அதில் கணக்கு உண்டு. அந்த உடம்பில் தழும்பு கிடையாது, தொப்பை கிடையாது, குளிர் கிடையாது.

லைஃப் ஸ்டடியில் இருப்பது ஒரு குறிப்பிட்ட ஆள், குறிப்பிட்ட ஒரு காலை நேரம். இடுப்பில் பாவாடை நாடா பதிந்த தடம் இருந்தால் அதுவும் படத்துக்குள் வரும். சோழர் காலத்துப் பார்வதியில் பழகிய கண்ணுக்கு இது முதலில் கொஞ்சம் அலங்கோலமாகத்தான் தெரியும். பழகிய பிறகு, அந்த நாடாத் தடத்தைத் தேடியே கண் போகும்.

முகமும் கையும் பாதியில் நிற்கின்றனவே?

நேரம் முடிந்திருக்கும். வகுப்பில் அரை நிமிடம், இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம் என்று போஸ் மாறிக்கொண்டே இருக்கும், நீண்ட போஸ் 20 நிமிடத்துக்கு மேல் போகும். இரண்டு நிமிடத்தில் முதுகா, மூக்கா என்று கேட்டால் முதுகுதான். வேண்டுமென்றே விடுவதும் உண்டு. முகம் வந்துவிட்டால் பார்ப்பவர் நேராக முகத்துக்குப் போய்விடுவார், மீதியைப் பார்க்கமாட்டார்.

ஷேடிங் அழகாக இருந்தால் நல்ல படமா?

அவசியம் இல்லை. விரலாலோ டிஷ்யூ தாளாலோ தேய்த்து மழமழப்பாக்கிய படங்கள் சமூக ஊடகங்களில் லைக் வாங்கும், உடம்பு மட்டும் ரப்பர் பொம்மை போல இருக்கும். நல்ல ஷேடிங்கில் கீற்றுகள் உருவத்தைச் சுற்றி வளைந்து போகும். தொடையில் ஒரு திசை, விலாவில் வேறொரு திசை. அப்புறம், நிழலின் விளிம்பையும் பாருங்கள். விலா எலும்புப் பக்கம் அது கூர்மையாக இருக்கும், வயிற்றில் மெதுவாகக் கரையும். எலும்பு எது, சதை எது என்பதை அங்கேயே படித்துவிடலாம்.

புகைப்படத்தைப் பார்த்து வரைந்தது என்று கண்டுபிடிக்க முடியுமா?

பல நேரம் முடியும். எல்லா விளிம்பும் ஒரே அழுத்தத்தில் இருக்கும். நிழலுக்குள் எதுவுமே தெரியாது, ஏனென்றால் கேமரா அதைக் கறுப்பாக விழுங்கிவிட்டது. நேரில் பார்க்கும் கண்ணுக்கு நிழலுக்குள்ளும் பக்கத்துத் துணியிலிருந்து எதிரொளித்த வெளிச்சம் தெரியும். கிட்டத்தில் எடுத்த செல்போன் படம் என்றால் முன்னால் நீட்டிய கால் பூதாகரமாகவும் தலை சிறியதாகவும் இருக்கும்.

நேரில் வரைந்ததற்கும் அடையாளம் உண்டு. உயர்த்திய கைக்கு இரண்டு கோடுகள் இருக்கும், ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் தாழ்வாக. மாடலுக்குக் கை வலித்து மெல்ல இறங்கியிருக்கிறது, ஓவியர் அதையும் பிடித்திருக்கிறார். புகைப்படத்தில் யாருக்கும் கை வலிக்காது.

இது ஆபாசம் இல்லையா?

சில படங்கள் ஆபாசமாகவும் இருக்கலாம். பென்சிலில் வரைந்தது என்பதற்காக எதற்கும் விலக்கு கிடையாது. ஆனால் துணி இல்லை என்பது மட்டுமே ஆபாசம் ஆகாது. இதை இந்திய நீதிமன்றங்களும் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. எம்.எஃப். ஹுசைன் மேல் போடப்பட்ட வழக்குகளை டெல்லி உயர் நீதிமன்றம் 2008-ல் ரத்து செய்தது. 2014-ல் உச்ச நீதிமன்றம், படம் முழுவதையும் அது வெளியான சூழலோடு சேர்த்து, சமகாலச் சமூகத்தின் அளவுகோலால் பார்க்க வேண்டும் என்றது. ஓவியர்கள் எஃப்.என். சூசா, அக்பர் பதம்சீ ஆகியோரின் ஏழு படைப்புகள் வெளிநாட்டு ஏலத்திலிருந்து வந்தபோது மும்பை சுங்கத்துறை ஆபாசம் என்று பறிமுதல் செய்தது. 2024 அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. நிர்வாணம் எல்லாமே ஆபாசம் ஆகிவிடாது என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

எதிர்ப்பக்கத்துக்கும் ஓர் உதாரணம் வேண்டும் என்றால் ஓவியர் ஏகோன் ஷீலே. ஆஸ்திரியாவில் 1912-ல் கைதாகி 24 நாள் காவலில் இருந்தார். பெரிய குற்றச்சாட்டுகள் நிற்கவில்லை. குழந்தைகள் வந்துபோகும் இடத்தில் பாலியல் படங்களை வைத்திருந்தார் என்பது மட்டும் நின்றது. நீதிபதி ஒரு படத்தை நீதிமன்றத்திலேயே கொளுத்தினார். கொளுத்தியது அராஜகம். அதற்காக ஷீலேவைத் தியாகி ஆக்கவும் எனக்கு மனம் வரவில்லை. மேதையின் கோடு என்பதாலேயே, மாடலாக இருந்தது யார், அவருக்கு என்ன வயது, மறுத்திருக்க முடியுமா என்ற கேள்விகள் இல்லாமல் போய்விடாது.

ஒரு படத்தைப் பார்த்துக் குழப்பமாக இருந்தால் நான் பார்ப்பது இதைத்தான்: ஓவியரின் கவனம் உடம்பு முழுவதிலும் பரவியிருக்கிறதா, அல்லது இரண்டு இடங்களில் மட்டும் குவிந்து, கணுக்காலும் காதும் ஏனோதானோவென்று கிடக்கின்றனவா? பென்சில் பொய் சொல்லாது. எங்கே நேரம் செலவழித்தார் என்பது தாளில் அப்படியே இருக்கும்.

மாடலாக நிற்பவரின் நிலை என்ன?

ஒழுங்கான வகுப்பில் இதற்கு விதிகள் உண்டு. வயது வந்தவர், அவர் சம்மதம், பேசிய கூலி. செல்போனுக்குத் தடை. மாடலை யாரும் தொடக்கூடாது. இடைவேளையில் போர்த்திக்கொள்ள அங்கி இருக்கும். எழுந்துபோய் வந்தபின் அதே போஸில் நிற்பதற்காகப் பாதத்தைச் சுற்றி டேப் ஒட்டியோ சாக்பீஸால் வரைந்தோ வைத்திருப்பார்கள். 20 நிமிடம் அசையாமல் நிற்பது சும்மா இருப்பது இல்லை. ஐந்தாவது நிமிடத்திலேயே இடுப்பில் வலி தொடங்கும். நல்ல மாடல், எடையைப் போட்டுத் தாங்கக்கூடிய போஸைத் தானே அமைத்துக்கொள்வார். படம் நன்றாக வந்ததில் பாதி அவருடையது, பெயர்ப்பலகையில் மட்டும் அவர் பெயர் இருக்காது.

பெரும்பாலும் பெண்ணுடம்பு, ஆண் ஓவியர். ஏன்?

எப்போதும் அப்படி இருந்ததில்லை. மறுமலர்ச்சிக் கால இத்தாலியில் மாடல்கள் பெரும்பாலும் ஆண்கள். வாடிகனின் சிஸ்டைன் தேவாலயக் கூரையில் உள்ள லிபியச் சிபில் (குறி சொல்பவள்) ஒரு பெண், மைக்கலாஞ்சலோவின் ஆயத்தப் படத்தில் இருப்பதோ ஓர் ஆணின் முதுகு. பெண்ணுடம்பு மேலோங்கியது 19-ஆம் நூற்றாண்டில்.

பெண் ஓவியர்கள் அந்த அறைக்குள்ளேயே விடப்படவில்லை. லண்டன் ராயல் அகாடமி என்ற கலை நிறுவனம் 1768-ல் தொடங்கியபோது ஆஞ்சலிகா காஃப்மன், மேரி மோஸர் என்ற இருவர் நிறுவன உறுப்பினர்கள். சில ஆண்டுகளில் ஜோஃபனி என்பவர் அகாடமிக்காரர்கள் மாடலைச் சுற்றி நிற்பதாக ஓர் ஓவியம் தீட்டினார். இந்த இருவரும் அதில் சுவரில் மாட்டிய உருவப்படங்களாக மட்டும் இருக்கிறார்கள்! அங்கே மாணவிகளுக்கு லைஃப் வகுப்பு கிடைத்தது 1893-ல், அதுவும் மாடல் பாதி துணியோடு. அமெரிக்காவில் ஓவியர் தாமஸ் ஏக்கின்ஸ் பெண்கள் இருந்த வகுப்பில் ஆண் மாடலின் இடைத்துணியை அகற்றியது பெரிய சர்ச்சையாகி, 1886-ல் பென்சில்வேனியா அகாடமி வேலையை விட்டுப் போக வேண்டி வந்தது.

அதனால் பெண்கள் வரைந்த நிர்வாணங்களைத் தேடிப் பாருங்கள். சுசான் வலதோன் பாரிசில் ரென்வார் உள்ளிட்ட ஓவியர்களுக்கு மாடலாக நின்று, பார்த்தே கற்றுக்கொண்டவர். ஓவியர் தெகா அவருடைய படங்களை விலை கொடுத்து வாங்கினார். வலதோனின் பெண்கள் குளித்துவிட்டுத் துவட்டுகிறார்கள், குனிந்து காலைத் தேய்க்கிறார்கள், யாருக்காகவும் சாய்ந்து படுத்திருக்கவில்லை. கோடு தடித்து முரட்டுத்தனமாக இருக்கும். நம் அம்ரிதா ஷெர்-கில்லும் பதின்வயதில் பாரிஸ் போய்ப் படித்தவர்தான், அங்கே அவர் வரைந்த கரித்துண்டு நிர்வாணங்களில் உடம்பின் கனம் தாளை அழுத்துகிறது.

அசலை எங்கே பார்க்கலாம்?

பென்சில் படங்களை நிரந்தரமாக மாட்டி வைக்கமாட்டார்கள். கிராஃபைட் தாங்கும், தாள் வெளிச்சத்தில் மஞ்சளாகிவிடும். சில மாதம் மாட்டிவிட்டு மறுபடி அலமாரிக்குள் வைத்துவிடுவார்கள். அதனால் ஒரு குறிப்பிட்ட படத்துக்காகக் கிளம்பும் முன் அது மாட்டப்பட்டிருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். ஷெர்-கில் தொகுப்பு பெரிய அளவில் இருப்பது டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில். சென்னையில் இருப்பவர்கள் ஓவியக் கல்லூரி மாணவர் கண்காட்சிகளையும் ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தையும் விட்டுவிட வேண்டாம். மாணவர் படத்தில் தடுமாற்றம் அப்படியே வெளியே தெரியும், கற்றுக்கொள்ள அது தோதானது.

இணையத்தில் வியன்னா அல்பெர்தினா, பாரிஸ் ரொடான் அருங்காட்சியகம், நியூயார்க் மெட்ரோபாலிடன் மூன்றும் தங்கள் கோட்டோவியங்களைப் போட்டிருக்கின்றன. போனில் பார்க்காதீர்கள், கிளிம்ட்டின் மெல்லிய கோடு அதில் தெரியவே தெரியாது. கணினியில் திறந்து, படத்தின் அளவு எத்தனை சென்டிமீட்டர் என்று பார்த்து, அதே அளவில் ஒரு வெள்ளைத் தாளை வெட்டிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். திரையில் ஆளுயரம் தெரிந்த உருவம் பல நேரம் ஒரு நோட்டுப் புத்தகப் பக்கத்தை விடக் கொஞ்சம்தான் பெரிதாக இருக்கும்.